சந்தனத்துக்கு அடியில் மூன்று வெட்டு

காஜாங்கில் இரண்டு கல் குவாரி. கிள்ளானில் ஜல்லி உடைக்கும் மில் ஒன்று. ஒன்பது லோரி. பிரிக்ஃபீல்ட்ஸில் மாடி வைத்த கடைவீடு. செந்தூலில் ஒரு கோயிலுக்குக் கருங்கல் படி பதினெட்டும் நான் போட்டதுதான். இந்த வட்டாரத்தில் நீங்கள் காரில் போகும் ரோடுகளில் பாதிக்கு அடியில் என் ஜல்லி கிடக்கிறது. படிப்பு, கேரி தீவுத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. கைதூக்கிவிட ஒரு மாமனும் கிடையாது, மச்சானும் கிடையாது. முதல் குவாரிக்கு லைசென்ஸ் கேட்டுப் போனபோது ஆபீசில் நாற்காலி காட்டவில்லை. இரண்டாவது குவாரிக்குப் போனபோது அதே ஆபீசில் காப்பி வந்தது.

பெருமைக்குச் சொல்கிறேன் என்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தப் பட்டியலில் முதலாவதாக வரவேண்டியது ஒன்று விட்டுப் போயிருக்கிறது. அது உள்ளங்கை அளவுள்ள ஒரு கல். அதைக் கண்டெடுத்தவன் நான். இன்றைக்கு அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, பக்கத்தில் உள்ள அட்டையில் வேறொருவர் பெயர் இருக்கிறது. அவரை நான் அண்ணனைப் போல நம்பியிருந்தேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தியிருக்கிறாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்கில் இருந்தேன். இருபத்து நான்கு வயது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீட்டில் குடியிருப்பு. நாற்பத்து மூன்றில் எங்கள் கேங்கை மெந்தகாப்புக்கு அனுப்பினார்கள். பாதை போட இல்லை, போட்ட பாதையைப் பிடுங்க. மெந்தகாப்பிலிருந்து வடக்கே கிளந்தான் பக்கம் போகிற தண்டவாளத்தை எல்லாம் கழற்றி, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போடும் பாதைக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவு. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் ரத்தம் சிந்திப் போட்ட பாதை. நாங்களே கடப்பாரையால் ஆணியைப் பிடுங்கினோம். தண்டவாளம் போகிற இடத்துக்கே ஆட்களும் போவார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் வேலையில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

மெந்தகாப்பைத் தாண்டி ஓர் இடத்தில் குன்றை வெட்டி நடுவில் பாதை விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில், ஏடு ஏடாகப் பிரியும் கல். ஒரு மழைக்குப் பிறகு இடது பக்கச் சுவரிலிருந்து ஒரு பாளம் சரிந்து என் காலடியில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. உள்ளே சிப்பி.

ஒன்றிரண்டு இல்லை. பாளம் முழுக்க, பனையோலை விசிறியை விரித்த மாதிரி, தலைமுடி அளவு மெல்லிய கோடுகளோடு. நான் கேரி தீவில் பிறந்தவன். தண்ணீர் வற்றும்போது சேற்றில் முட்டி வரை இறங்கி கெராங் சிப்பி பொறுக்கித்தான் வளர்ந்தேன். சிப்பி எது, சிப்பி மாதிரி இருப்பது எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இது கெராங் இல்லை, நான் பார்த்த எந்தச் சிப்பியும் இல்லை. ஆனால் சிப்பி.

மண்டோரிடம் காட்டினேன். எங்களை வேலை வாங்குகிற தலைவர் அவர், நல்ல மனிதர், எதையும் சிரித்தே முடிப்பார். கல்லை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“டேய், இந்தக் காட்டுல ஏதுடா கடலு? ஏதாச்சும் வெள்ளத்துல அடிச்சிக்கிட்டு வந்திருக்கும்லா. ஆணியப் புடுங்கு.”

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. வெள்ளம் கொண்டு வந்த சிப்பி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அலை புரட்டுகிற கரையில் இரண்டு ஓடும் சேர்ந்து ஒரு சிப்பியைப் பார்ப்பதே அபூர்வம். தனித்தனியாக, உடைந்து, கவிழ்ந்து கிடக்கும். இங்கே பாளத்தில் இருந்தவை ஜோடி பிரியாமல், புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி விரிந்து கிடந்தன. சின்னதும் பெரியதும் ஒன்றாக. அப்படியானால் இவை எங்கிருந்தும் வரவில்லை. இருந்த இடத்திலேயே செத்தவை. அலை இல்லாத ஆழத்து அமைதியான சேறு. நாங்கள் நின்ற இடமே கடலின் அடி. மூன்றாம் வகுப்புக்காரன் கண்டுபிடித்தான். பின்னால் பெரிய படிப்புப் படித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கப்புறம் நான் சுவரை விடவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் மரவள்ளிக்கிழங்கை முடித்துவிட்டுச் சாய்வார்கள். நான் சுவரைத் தட்டிக்கொண்டிருப்பேன். நான்காம் நாள் அது கிடைத்தது. அதிரசம் அளவில் கரிய கல். அதற்குள் நத்தை மாதிரி சுருண்ட ஒன்று, சுருளுக்குச் சுருள் வரம்பு கட்டி, நடுவில் கடுகு அளவுக்குப் போய் முடிந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு பொருளை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

எங்கள் கேங்கில் ஒரு வழக்கம் உண்டு. பாதையில் ஓர் இடத்தைச் சொல்ல மைல்கல்லைச் சொல்லி, அதிலிருந்து எத்தனையாவது தந்திக் கம்பம் என்று சொல்வோம். கட்டையில் வெட்டுப் போட்டு அடையாளம் வைப்போம். அந்தப் பழக்கத்தில் கல்லின் பின்புறம் உளியால் மூன்று வெட்டு வெட்டினேன், மூன்றாவது கம்பம். குறுக்கே ஒரு கோடு, இடது பக்கச் சுவர். மைல்கல் எண்ணை மனதில் வைத்துக்கொண்டேன். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டால் அடுத்த வருஷமே காடு மூடிவிடும், நான் வைத்த அடையாளம் தவிர வேறு ஒன்றும் மிஞ்சாது என்று அப்போதே தெரிந்திருந்தது.

சுருள் கல்லைத் தூக்குச் சட்டியிலும், சிப்பிப் பாளங்கள் ஆறேழை இடுப்பில் கட்டுகிற சாரத்தில் சுற்றியும் கோலாலம்பூர் கொண்டு வந்தேன்.

வரிசையில் என் பக்கத்து வீடு யாழ்ப்பாணத்துக் கிராணி ஐயாவுடையது. கிராணி என்றால் குமாஸ்தா. ரயில்வேயில் படம் வரைகிற ஆபீசில் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அந்த வரிசையில் கூலிக்காரனை உள்ளே கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்த ஒரே மனிதர். ஊரைவிட்டு ஓடிய வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் விட்டுப்போன புத்தகங்கள் அவரிடம் இருந்தன. அதில் ஒன்று கல்லைப் பற்றியது. நான் கொண்டுபோன கல்லை மேசையில் வைத்ததும் அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். அப்படியே என் கல்.

“நீர் சாதாரண சாமான் கொண்டு வரேல்ல, தம்பி. இது கோடிக்கணக்கான வருசத்துக்கு முந்தின கடல் பிராணி. ஆரும் இதுவரைக்கும் அந்தப் பக்கத்தில எடுத்ததாக் கேள்விப்படேல்ல.”

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் வந்தால் இதை முறைப்படி அறிவிக்கலாம் என்றார். யார் பெயரில் என்று கேட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“கண்டெடுத்தது ஆர்? உம்மடை பேர்தான் முதல்ல வரும். நான் எழுதிக் குடுக்கிறவன் மட்டும்.”

அன்றே ஒரு நோட்டில் கல்லைப் படம் வரைந்தார். என்ன கை அது. நிழல் கூட விழுந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் எழுதி, ஒரு வரியில் விரலை வைத்து, இதுதான் உம்மடை பேர் என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. விரல் வைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம், என் பெயர் புத்தகத்தில் வரப்போகிறது என்றேன். அரிசி வருமா என்று கேட்டாள்.

இதையும் எழுதவேண்டும், விட்டால் நான் பொய்யனாவேன். அந்த வருஷக் கடைசியில் சயாமுக்குப் போகும் ஆட்கள் பட்டியலில் என் பெயர் வந்தது. பட்டியல் அவர் மேசை வழியாகப் போனது. அளவுச் சங்கிலி பிடிக்க ஆபீசுக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்று சொல்லி என் பெயரை எடுத்துத் தன்னிடம் போட்டுக்கொண்டார். எங்கள் கேங்கில் போனவர்களில் மண்டோரும் ஒருவர். அவர் திரும்பவில்லை. நான் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால் அது கிராணி ஐயாவால்.

நாற்பத்து நான்கில் ஓர் உத்தரவு வந்தது. பட்டாளத்துக்குத் தகரம், நிலக்கரி, இரும்பு எல்லாம் வேண்டும். வேலைத்தலத்தில் கண்ட எந்தக் கல்லையும் மண்ணையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது, ஒப்படைக்கவேண்டும். வைத்திருந்தால் திருட்டு. ரேடியோ தேடி வீடு வீடாகச் சோதனையும் நடந்துகொண்டிருந்தது. பாளங்களை நான் உடைத்து மண்ணில் புதைத்துவிட்டேன். சுருள் கல்லை உடைக்க மனம் வரவில்லை.

அப்போதுதான் கிராணி ஐயா யோசனை சொன்னார். இதைப் பார்த்தால் சாளக்கிராமம் மாதிரி இருக்கிறது, பூசைத் தட்டில் வைத்தால் யாரும் தொடமாட்டார்கள். நான் சொன்னேன், உங்கள் வீட்டில் விபூதிதானே, சாளக்கிராமம் ஏது என்று. ஜப்பான்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமோ என்றார். ஆனால் ஒன்று, சும்மா கொண்டுவந்து வைத்தால் வரிசையில் கேள்வி வரும், ஒருவன் போய்ச் சொன்னால் போதும். சாளக்கிராமத்தை விற்கக் கூடாது, வாங்கக் கூடாது, தானமாகத்தான் பெறவேண்டும் என்பது முறை. நாலு பேர் பார்க்க நீர் தானமாகத் தாரும். பிறகு சோதனைக்காரன் யாரைக் கேட்டாலும் அது சாமி என்று மனதறிந்து சொல்வார்கள்.

நல்ல யோசனை. நானே அதைக் கொஞ்சம் மெருகேற்றினேன். வரிசைக்கோடியில் இருந்த சின்னக் கோயில் பூசாரியைக் கூப்பிட்டு வந்தது நான்தான். பூசாரி கல்லைக் கையில் வாங்கிச் சுருளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சக்கரம் தெளிவாக இருக்கிறது, சாளக்கிராமமேதான், எங்கே கிடைத்தது என்று கேட்டார். நாகப்பட்டினத்திலிருந்து ஒரு மாமா கொடுத்தது என்றேன். மாமாவே இல்லாதவன். வெள்ளிக்கிழமை காலை, வரிசையிலிருந்து ஏழெட்டுப் பேர் நிற்க, வெற்றிலை பாக்கு பூவோடு கல்லை அவர் கையில் வைத்தேன். பூசாரி மந்திரம் சொன்னார். நான் கல்லின்மேல் தண்ணீர் வார்த்தேன். தாரை வார்த்துக் கொடுத்தேன். மகளுக்குக் கன்னிகாதானம் செய்கிற மாதிரிக் கண்ணில் தண்ணீர் வேறு. பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

சோதனை வந்தது. என் வீட்டில் தலையணையைக் கிழித்தார்கள், அரிசிப்பானையில் கைவிட்டார்கள். அடுத்த வீட்டில் ஒரு சிப்பாய் பூசைத் தட்டு முன் நின்று கல்லைச் சுட்டினான். கிராணி ஐயா மலாயில் கடவுள் என்றார். வாசலில் நின்ற பூசாரியும் கடவுள் என்றார். சிப்பாய் தலையை லேசாகக் குனிந்துவிட்டு வெளியே போனான். நானும் கிராணி ஐயாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிஷம் எங்களைவிட நெருங்கிய சிநேகிதர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் இல்லை.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் அந்த வீட்டம்மா கல்லுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி, சந்தனம் வைத்து, செம்பருத்தி வைத்தார். சந்தனம் காய்ந்து காய்ந்து பின்புறம் ஏடு கட்டியது. என் வெட்டு மூன்றும் அதற்குள் மூடிப்போயின. நான் போகும்போதெல்லாம் கல்லைப் பார்ப்பேன். பத்திரமாக இருக்கிறது என்று நினைப்பேன்.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் சரணடைந்தான். வெள்ளைக்காரன் வந்தான். செப்டம்பர் கடைசியில் என்னைக் கிள்ளானுக்குப் பாதை பார்க்க அனுப்பினார்கள். பத்து நாள். திரும்பி வந்து குளித்ததும் நேரே கிராணி ஐயா வீட்டுக்குப் போனேன், இனி அறிவிக்கலாமே என்று கேட்க. அவர் ஆபீசில் இருந்தார். பூசைத் தட்டில் செம்பருத்தி இருந்தது. கல் இருந்த இடத்தில் சந்தனத்தில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

வீட்டம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

“துரை வந்தவர், தம்பி. அவர் குடுத்திட்டார்.”

புத்தகத்தை விட்டுப்போன அதே இன்ஜினியர் திரும்பி வந்திருக்கிறார். புத்தகத்தோடு கல்லையும் நோட்டையும் இவர் கொடுத்திருக்கிறார். துரை அதைக் கல்லாராய்ச்சி ஆபீசுக்கு அனுப்பி, நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். சாயங்காலம் கிராணி ஐயா அந்தக் கடிதத்தைத் தானே எடுத்துக் காட்டினார். ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் எரிகிறது. என் பெயர் எங்கே என்று கேட்டேன். எல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறேன் என்றார். ஜப்பான்காரன் கொடுத்த ரேஷன் அட்டையில் என் பெயர் இங்கிலீஷ் எழுத்திலும் இருந்தது. படிக்கத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். வீட்டுக்கு ஓடி அட்டையை எடுத்து வந்து கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்தினேன். அந்த உருவம் கடிதத்தில் எங்கேயும் இல்லை. நோட்டில் விரல் வைத்துக் காட்டினாரே, அந்த வரியின் உருவம் மட்டும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அது கடிதத்தில் இருந்தது. யாருடைய பெயர் என்று கேட்டேன்.

அவர் கடிதத்தை மடித்து உறையில் போட்டார்.

“நீர் எனக்குத் தானமாத் தந்தனீர். நாலு பேர் பாக்கத் தண்ணி வாத்துத் தந்தனீர். தந்ததைத் திருப்பிக் கேக்கிறீரோ?”

“அது ஒளிக்கிறதுக்குப் பண்ண வேஷம், ஐயா. நீங்கதானே சொன்னீங்க.”

“உம்மைச் சயாமுக்குப் போகாமப் பண்ணினதும் வேஷமோ?”

என் உயிரைக் காப்பாற்றியதற்கு ஈடாகக் கல்லை எடுத்துக்கொண்டார் என்றால், அதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். நானே சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன், பெயரையும் சேர்த்து. கேட்காமல் எடுத்தார். என் கண் முன்னால் விரலை வைத்து, உன் பெயர் என்று தன் பெயரைக் காட்டினார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வரிசையைக் கூட்டினேன். தானத்தைப் பார்த்த அதே ஏழெட்டுப் பேர். எல்லாம் சொன்னேன், சிப்பி, குன்றுச் சுவர், வேஷம், எல்லாம். பூசாரி என்னைக் கோபமாகப் பார்த்தார். நான் பொய் சொல்லி அவரை மந்திரம் சொல்ல வைத்தேன் என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. தாரை வார்த்தது வார்த்ததுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

“அது சாமின்னா எதுக்கு வெள்ளைக்காரன் பீரோவுக்குப் போச்சு, சாமி? கல்லுன்னா என்னோடது. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

வேலைக்கு ஆள் எடுக்கிற நேரம் அது, கிராணி ஐயா எழுதுகிற ஒரு வரிக்காகப் பாதிப் பேர் காத்திருந்தார்கள். கூட்டத்தில் பின்னாலிருந்து ஒருவன், பாயின்ட்ஸ்மேன் வேலை பார்த்தவன், எல்லாரும் கேட்கச் சொன்னான்: “கல்லுல பேரு வேணும்னா காஜாங் பக்கம் போ அண்ணே. மல மலயா கெடக்கு. ஒடச்சு ஒடச்சு எழுதிக்க.”

சிரித்தார்கள். கிராணி ஐயா சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. மூன்று மாதத்தில் நான் ரயில்வேயை விட்டேன். காஜாங் பக்கம்தான் போனேன். உடைத்தேன். மேலே உள்ள பட்டியல் அப்படி வந்தது.

குவாரிக்கு வந்த ஓர் இன்ஜினியர் ஒரு நாள் சொன்னார், நான் உடைக்கிற கருங்கல்லும் டிரையாசிக் என்கிற காலத்தில் பூமிக்கு அடியில் நெருப்பாக இருந்து ஆறியதாம், இருபது கோடி வருஷத்துக்கும் மேல். சிப்பிக் கதையைச் சொன்னேன். அவர் என்னைக் கல்லாராய்ச்சி ஆபீசுக்கு அழைத்துப் போனபோதுதான் அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கண்டேன். அட்டையைப் படித்துச் சொன்னார். அதே டிரையாசிக் காலம். ஆழமான, அமைதியான கடலின் அடிச்சேறு. நான் அன்று பாளத்தைப் பார்த்து நினைத்தது அப்படியே. இடம், மெந்தகாப் சுற்றுவட்டாரம். கண்டெடுத்தவர் என்று கிராணி ஐயாவின் பெயர். இன்னொன்றும் சொன்னார், இமயமலையிலிருந்து வரும் நிஜச் சாளக்கிராமமும் இதே இனத்துப் பிராணி கல்லானதுதானாம், ஜுராசிக் என்கிற பிந்திய காலத்தது. ஆக, பூசாரி சொன்னதிலும் முழுப் பொய் இல்லை. பொய் சொன்னவர்கள் நானும் கிராணி ஐயாவும்தான். நான் என் பொய்யை ஊரைக் கூட்டி ஒப்புக்கொண்டேன்.

அவர் காலமாகிவிட்டார். அவர் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. படம் அவர் வரைந்தது, காப்பாற்றியது அவர் வீட்டம்மாவின் கை. அதை எழுதுங்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர்கள் இதைப் படித்தால், பூட்டைத் திறந்து கல்லைத் திருப்பிப் பாருங்கள். சந்தன ஏடு இன்னும் இருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். அடியில் மூன்று வெட்டும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அவை எதற்கு என்று உங்கள் அட்டை சொல்லாது. மைல்கல் எண்ணையும் நான் இங்கே எழுதவில்லை. நேரில் வந்து கேளுங்கள், கூட்டிப்போய்ச் சுவரையே காட்டுகிறேன். அதற்குப் பிறகு புது அட்டை அடியுங்கள். கண்டெடுத்தவன் என்ற இடத்தில் என் பெயர் வரவேண்டும். முதல் வரியில், தமிழிலும் இங்கிலீஷிலும். இங்கிலீஷில் என் பெயரின் உருவம் எனக்குத் தெரியும். வந்து விரல் வைத்துச் சரிபார்ப்பேன்.